குழல் பருத்தால் தூரம் கூடாது

அமெரிக்காவில் கயோட்டி என்ற நரி போன்ற விலங்கை வேட்டையாடப் போகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. 12 போர் துப்பாக்கி 40 கெஜத்துக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் 10 போர். கடைத் தோட்டா போதவில்லையா, வீட்டிலேயே கெட்டித்துக்கொள். ரவையைக் கூட்டு, வேகத்தைக் கூட்டு, 60 கெஜம் என்ன, 70 கெஜத்திலும் விலங்கு உருண்டு விழும். அப்பன் மகனுக்குச் சொல்கிறான், துப்பாக்கிக் கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சொல்கிறார், அனுபவசாலிகள் இளையவர்களுக்குச் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வதாலேயே அது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. ஆனால் அது தவறு. அதற்கான விலையைச் சுடுகிறவர் கொடுப்பதில்லை. வயிற்றில் ஒற்றை ரவையோடு புதருக்குள் ஓடி மறையும் விலங்கு கொடுக்கிறது. இதை எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

முதலில் அந்த நம்பிக்கைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அது முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. கருமருந்துக் காலத்தில் பெரிய குழலுக்கு உண்மையாகவே தூரம் இருந்தது. மருந்து மெதுவாக எரிந்தது, ரவையைக் காக்கும் கோப்பை கிடையாது. கூடுதல் ரவையை அனுப்ப அகலமான குழலைத் தவிர வேறு வழியில்லை. சந்தைக்கு வாத்து சுட்டவர்கள் 8 போர், 4 போர் என்று ஏந்திப் போனார்கள். 1918இல் புலம்பெயர் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தபின் அந்தப் பறவைகளைச் சுட 10 போருக்கு மேல் கூடாது என்றானது. அப்போதிருந்து சட்டம் அனுமதிக்கும் மிகப் பெரிய குழல் என்ற பெருமை 10 போரோடு ஒட்டிக்கொண்டது. 1932இல் மூன்றரை அங்குல மேக்னம் தோட்டா வந்ததும் அந்தப் பெருமை இன்னும் வளர்ந்தது. தாத்தா சொன்னது தாத்தா காலத்தில் சரி. பேரன் கையில் இருப்பது வேறு மருந்து, வேறு தோட்டா.

போர் என்பது என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தைப் பத்து சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே 10 போர் குழலின் உள்விட்டம்: ஏறத்தாழ 19.7 மில்லிமீட்டர். பன்னிரண்டாகப் பிரித்தால் 18.5. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தோளில் வைத்துப் பார்க்கும்போது மலை போலத் தெரியும் அந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் உள்ளே இருக்கும் வேறுபாடு அவ்வளவே.

அந்த ஒரு மில்லிமீட்டர், குழலை விட்டு வெளியேறிய ரவைக்கு என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. காற்று ஓர் உருண்டையை எவ்வளவு விரைவாகத் தடுத்து நிறுத்தும் என்பதை மூன்றே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உருண்டையின் பருமன், அது செய்யப்பட்ட பொருளின் அடர்த்தி, புறப்பட்ட வேகம். எந்தக் குழலிலிருந்து வந்தது என்பது அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஒரே அளவு ரவை ஒரே வேகத்தில் 12 போரிலிருந்து கிளம்பினாலும் 10 போரிலிருந்து கிளம்பினாலும் 60 கெஜத்தில் ஒரே பலத்தோடுதான் போய்ச் சேரும்.

ஆக, பெரிய குழல் தரக்கூடியது ஒன்றுதான்: ரவைகளின் எண்ணிக்கை. கயோட்டிக்கு விரும்பிப் பயன்படுத்தும் 4ஆம் எண் பக்ஷாட் என்ற பருத்த ரவையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரவையும் 0.24 அங்குல விட்டம், சுமார் 1.3 கிராம் எடை. கடைத் தோட்டாவில், 12 போர் மூன்று அங்குலக் கூட்டில் 41 ரவைகள். 10 போர் மூன்றரை அங்குலக் கூட்டில் 54. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதைப் பார்த்துத்தான் தூரமும் அந்த அளவு கூடும் என்று நினைக்கிறார்கள். இங்கேதான் கணக்கு சறுக்குகிறது. ரவைகள் பரப்பாக விரிகின்றன. தூரம் ஒன்றரை மடங்கானால் அவை பரவும் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. 40 கெஜத்தில் இருந்த அடர்த்தியை 60 கெஜத்தில் வைத்திருக்க இரண்டேகால் மடங்கு ரவை வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எவ்வளவு தூரம் வாங்கித் தரும்? வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 15 விழுக்காடு. 40 கெஜம் 46 ஆகிறது. ஆறு கெஜம்! அந்த ஆறு கெஜத்துக்காகத்தான் தோள் நோகும் எடையும் தோட்டாவுக்குத் தோட்டா கூடுதல் காசும். அதுகூடப் பெரிய குழலின் தனிச்சொத்து அல்ல. 1988இல் 12 போருக்கும் மூன்றரை அங்குலத் தோட்டா வந்துவிட்டது. அதிலும் இதே 54 ரவைகள் அடங்குகின்றன.

விலங்கின் பக்கமிருந்தும் பார்த்துவிடுவோம். கயோட்டி நம் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. பெரும்பாலானவை 10 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குள். அடர்ந்த ரோமம் உடலைப் பெரிதாகக் காட்டும். இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை 8 அங்குல வட்டம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். குழல் வாயை ஒடுக்கும் நல்ல இறுக்கமான சோக், 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 விழுக்காடு ரவை, நடுவில் அடர்த்தி அதிகம், குறி நூல் பிசகாமல் நடுவில். எல்லாவற்றையும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகவே வைக்கிறேன். 54 ரவைகளில் அந்த 8 அங்குலத்துக்குள் சராசரியாக 40 கெஜத்தில் நான்கு சொச்சம் விழும், 60 கெஜத்தில் இரண்டு, 70 கெஜத்தில் ஒன்றரை. விலங்கு நின்ற இடத்திலேயே விழ மூன்று ரவையாவது உள்ளே போக வேண்டும் என்பது என் கட்சி. அந்த மூன்று, 40 கெஜத்தில் ஐந்து வெடிக்கு நான்கில் கிடைக்கும். 60 கெஜத்தில் மூன்றுக்கு ஒன்று. 70 கெஜத்தில் ஐந்துக்கு ஒன்று. மீதி நான்கு கயோட்டிகள் என்ன ஆகின்றன?

எண்ணிக்கை போதவில்லை என்றால் சின்ன ரவைக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். பிபி ரவை அவுன்ஸுக்கு சுமார் 50 இருக்கும். இரண்டேகால் அவுன்ஸ் நிரப்பினால் நூற்றுக்கு மேல். பரவல் தாளில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சின்ன உருண்டை காற்றில் வேகமாகத் தளர்கிறது. 60 கெஜத்தில் ஒரு பிபி ரவையிடம் மிஞ்சும் பலம், அதே தூரத்தில் ஒரு பக்ஷாட் ரவையிடம் மிஞ்சுவதில் பாதிகூடத் தேறாது. தோள் எலும்பைத் துளைத்து நுரையீரலை எட்ட அது போதாது. பெரிய ரவை பலத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கையில் தோற்கிறது. சின்ன ரவை எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பலத்தில் தோற்கிறது. ஈயத்தை வைத்துக்கொண்டு இந்த இடுக்கிலிருந்து தப்ப வழியில்லை. குழலை 10 போராகப் பருக்க வைத்தாலும் இடுக்கு ஆறேழு கெஜம் தள்ளிப்போகுமே ஒழிய விலகாது.

அடுத்தது வேகம். வீட்டில் கெட்டிப்பவர்களின் பெரிய ஆசை இதுதான். கடைத் தோட்டா நொடிக்கு 1,300 அடியில் கிளம்புகிறதா, நான் 1,500இல் கிளப்புகிறேன் என்பார்கள். உருண்டை வடிவத்துக்கு வேகத்தைத் தக்கவைக்கத் தெரியாது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும்போது காற்று அதை இரட்டிப்பு மூர்க்கத்தோடு தடுக்கிறது. அதிக வேகம் கொடுத்தால் அதிகமாகப் பறித்துக்கொள்கிறது. குழல் வாயில் சேர்த்துக் கொடுத்த 200 அடியில் 50 கெஜத்தில் பாதிகூட மிஞ்சாது. அந்த மிச்சத்துக்காக இழப்பது பரவலை. திடீரென்று உதைத்துத் தள்ளப்படும் ஈய ரவைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்கின்றன. நசுங்கிய ரவை நேராகப் போகாது, ஓரத்துக்குச் சிதறும். வேகத்தைக் கூட்டியவர் தன் கையாலேயே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார்.

ஆபத்தும் இங்கேதான் நுழைகிறது. இதில் மென்று விழுங்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. பெரிய குழல் என்றால் பெரிய அழுத்தத்தைத் தாங்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை நேர் எதிர். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர நிர்ணய அமைப்பான சாமி 10 போருக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. 12 போரின் மூன்று அங்குலத் தோட்டாவுக்கு 11,500. மூன்றரை அங்குலத்துக்கு 14,000. பெரிய குழலுக்குத்தான் மிகக் குறைவு! ரவைத் துப்பாக்கியின் குழல் ரைஃபிள் குழலைப் போலத் தடித்ததல்ல. அது மெல்லிய எஃகுச் சுவர். அதில் "கொஞ்சம் கூடப் போட்டால் என்ன, விளிம்பு விட்டுத்தானே செய்திருப்பார்கள்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அந்த விளிம்பு பழைய துப்பாக்கிக்கும் வெயிலில் கிடந்த தோட்டாவுக்கும் விட்டு வைத்தது, கெட்டிப்பவரின் துணிச்சலுக்கு அல்ல. ரவைத் தோட்டாவில் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் கேப், மருந்து, ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கோப்பை, ரவையின் எடை ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. மருந்தைத் தொடாமல் கேப்பை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரக்கணக்கில் எகிறலாம். சோதனைச் சாலையில் அளந்து அச்சிட்ட அளவை அப்படியே பின்பற்ற வேண்டும். ஊகத்தில் ஒரு துளியும் கூட்டக்கூடாது. ஈயத்துக்கு எழுதிய கணக்கில் எஃகு ரவையைக் கொட்டுபவர் கண்ணையும் விரல்களையும் பணயம் வைக்கிறார்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு பதில் வரும். அது அனுபவத்தின் பதில் என்பதால் கனமானது: "கணக்கு கிடக்கட்டும், நான் 70 கெஜத்தில் கொன்றிருக்கிறேன்." நம்புகிறேன். ஐந்துக்கு ஒன்று விழும் என்று மேலே நானே சொல்லியிருக்கிறேன். விழுந்த அந்த ஒன்று படமெடுக்கப்படுகிறது, கதையாகிறது, வருடக்கணக்கில் நினைவிருக்கிறது. விழாத நான்கும் "தவறிப்போச்சு" என்ற ஒரே சொல்லில் மறக்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் பல தவறவில்லை. வயிற்றில் ஒன்று, பின்னந்தொடையில் ஒன்று, தாடையில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு ஓடியிருக்கின்றன. ஒற்றை ரவை பட்ட கயோட்டி பட்டதைக் காட்டாமலே ஓடிவிடலாம். ரோமம் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் தரையில் தடமும் தெரியாமல் போகலாம். புதரில் நூறு கெஜம் போய்த் தேடிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? எண்ணப்படுவதெல்லாம் கையில் கிடைத்த உடல்கள். கிடைக்காதவற்றை எண்ணாத அனுபவம் எத்தனை ஆண்டு நீண்டாலும் அது சாட்சியம் ஆகாது.

இனி வருவதுதான் எனக்கு உண்மையிலேயே பொறுக்காதது. காயம்பட்டால் என்ன, அது வெறும் நாசகார விலங்குதானே, எங்கோ போய்ச் செத்தாலும் ஒன்று குறைந்த மாதிரிதானே என்ற பேச்சு. கயோட்டி ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது, பண்ணைக்காரருக்கு நட்டம் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. பல மாநிலங்களில் அதற்குக் காப்புக் காலம் கிடையாது, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் கிடையாது. ஆனால் ஒன்று குறைந்தால் ஒன்று லாபம் என்ற கணக்கு அந்த விலங்கிடம் செல்லாது. 1975இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கானலியும் லாங்ஹர்ஸ்டும் ஒரு கணிப்பு மாதிரி செய்து காட்டினார்கள்: ஆண்டுதோறும் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றுவந்தாலும் ஒரு பகுதியில் கயோட்டி முற்றாக ஒழிய ஐம்பது ஆண்டுக்கு மேலாகும். கூட்டம் குறைந்தால் மிஞ்சியவை அதிகக் குட்டி போட்டு இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுட்டும் கண்ணி வைத்தும் நஞ்சு வைத்தும் பார்த்தாயிற்று; மேற்குச் சமவெளிகளில் இருந்த விலங்கு இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் திரிகிறது. ஆக, 70 கெஜத்தில் குடலில் ரவை வாங்கிக்கொண்டு நான்கு நாள் அழுகிச் சாகும் ஒரு கயோட்டியின் வேதனைக்கு ஈடாக எந்தப் பண்ணைக்கும் எதுவும் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு தொழுவத்தைச் சுற்றும் குறிப்பிட்ட ஒரு கயோட்டியைக் கொல்வது வேறு. அதற்கு அது நிச்சயமாகச் சாக வேண்டும். நிச்சயம் வேண்டுமென்றால் தூரம் குறைய வேண்டும். சட்டம் வரம்பு வைக்காத இடத்தில் வரம்பு சுடுகிறவரின் மனதில்தான் இருக்க வேண்டும். அது இல்லாதவர் கையில் எந்தப் போரும் இருக்கக்கூடாது என்பேன்.

10 போரே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உண்மையான வேலை ஒன்று உண்டு. தூரம் பேசுகிறவர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள். ஈயம் நீர்நிலைகளில் பறவைகளை நஞ்சாகக் கொன்றதால் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டு, 1991இல் அந்தத் தடை அமெரிக்கா முழுவதும் வந்தது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தை விலக்கிவிட்டது. கயோட்டியும் அதில் அடக்கம். சுட்டுப் போட்ட உடல்களைத் தின்று ஈயம் ஏறிய காண்டர் கழுகுகள் அழிவின் விளிம்புக்குப் போய், 1987இல் உலகத்தில் மிஞ்சிய 27 பறவைகளும் கூண்டுக்குள் இருந்தன என்பது அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கதை. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8தான். எஃகில் அதே பலம் வேண்டுமென்றால் ரவை பருத்தாக வேண்டும். பருத்த ரவைக்கு இடம் வேண்டும். அகலக் குழல் அங்கே கைகொடுக்கிறது: பெரிய எஃகு ரவைகள் நெருக்கியடிக்காமல் அமர்கின்றன, குறைந்த அழுத்தத்திலேயே கிளம்புகின்றன. எண்பதுகளின் இறுதியில் 10 போர் மறுவாழ்வு பெற்றது இதனால்தான். எஃகை வைத்து 40 கெஜத்தில் ஒழுங்காகச் சுட அது உதவும். அந்தப் புகழை எடுத்து 70 கெஜத்துக்கு ஒட்டவைத்ததுதான் பிழை.

தூரத்தை உண்மையாகவே நீட்டியது எது என்று பார்த்தால் குழலின் பெயர் இன்னும் மங்கிப்போகும். டங்ஸ்டன் கலந்த ரவை வந்தது, அடர்த்தி 18. பொடி ரவையும் ஆழமாகத் துளைக்கிறது, ஒரு தோட்டாவில் ஏராளமாக அடங்குகிறது. இன்று .410 என்ற மிகச் சிறிய குழலில் அந்த ரவையை நிரப்பி வான்கோழி சுடுகிறார்கள். தாத்தாக்கள் அதைச் சிறுவர் துப்பாக்கி என்று ஒதுக்கியிருந்தார்கள். மேலே சொன்ன இடுக்கை உடைத்தது பொருளின் அடர்த்தி. விலைதான் கண்ணைக் கட்டும்.

ஈயம் அனுமதிக்கப்பட்ட மாநிலத்தில், 10 போரும் கெட்டிக்கும் கருவியும் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது வேகத்தைத் துரத்துவதல்ல. ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயம், செம்போ நிக்கலோ பூசிய ரவை, அவற்றின் இடுக்குகளை நிரப்பும் பிளாஸ்டிக் பொடி, மிதமான வேகம். இவை ரவையை உருண்டையாகவே வைத்திருக்கும். ஆனால் பொடி சேர்த்தாலும் அழுத்தம் ஏறும் என்பதால் அதையும் அச்சிட்ட கணக்கில் உள்ளபடியே சேர்க்க வேண்டும். வட்டத்துக்குள் விழுவது 60 விழுக்காட்டிலிருந்து 80க்கு உயர்ந்தால் ரவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று பொருள். 12 போரை விட்டு 10 போர் வாங்கியதில் கிடைத்ததும் அதே மூன்றில் ஒரு பங்குதான். கைவேலைக்கு இருக்கும் மதிப்பு இதில் தெரிகிறது. வீட்டில் தோட்டா கெட்டிப்பதை நான் மதிப்பதும் இதற்காகத்தான். 54 ரவையையும் 80 விழுக்காட்டுப் பரவலையும் சேர்த்தால், மேலே போட்ட அதே கணக்கில், 50 கெஜத்தில் நான்கு வெடிக்கு மூன்றில் விலங்கு விழும். நேர்மையாகக் கிடைக்கும் எல்லை அது. 60 கெஜத்தில் பாதிக்குப் பாதியாகிவிடுகிறது. 70 கெஜத்தில் மூன்றுக்கு ஒன்று.

டெக்சஸின் மெஸ்கீட் புதர்க்காட்டிலும் தென்கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த பைன் காட்டிலும் முயலின் அலறலை ஒலிக்கவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் கயோட்டி 30 கெஜத்துக்குள் தானாக வரும். ரவைத் துப்பாக்கி அந்த இடத்துக்கான கருவி. 70 கெஜத்தில் நின்று பார்க்கும் வெட்டவெளியில் .223 ரைஃபிள் அதே விலங்கை ஒரே குண்டில் முடித்துவிடும். கையில் ரைஃபிள் இல்லையென்றால் அன்று சுடாமல் வரலாம். இன்னும் 70 கெஜம்தான் என்று அடம்பிடிப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். நான்கு அடி அகலக் காகிதத்தை 70 கெஜத்தில் நிறுத்தி, 8 அங்குல வட்டம் போட்டு, தான் கெட்டித்த தோட்டாவைப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் புதுக் காகிதத்தில், சுட்டுக் காட்டட்டும். வட்டத்துக்குள் மூன்று துளைக்குக் குறையாமல் பத்தில் எட்டுக் காகிதம் வந்தால் நான் எழுதிய அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.